வெண்பனியில் ஒரு முகம்



சென்ற குளிர்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கையில் கைப்பேசியுடன் நம்மைக் காண வந்தார். காஷ்மீர் மலைப்பகுதியில் படைவீரராகப் பணிபுரியும் அவருடைய மகன், முழங்காலளவு பனியில் நின்று எடுத்தனுப்பிய நிழற்படம் அதில் இருந்தது. பனி சாம்பலைப்போல் மங்கியிருந்தது. மகனின் முகமோ கறுத்துக் கிடந்தது. "சாமி, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதேனும் ஆகியிருக்குமோ?" என்று அவர் கலங்கினார்.

பழுது பிள்ளையிடம் இல்லை. படக்கருவியின் கணக்கில்தான் இருந்தது. அதனை நாம் அறிந்த அளவில் விளக்கினோம்.

காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, எதிரே இருக்கும் பொருள் கறுப்பா வெளுப்பா என்பதை அறியாது. அதிலிருந்து வரும் ஒளியை மட்டுமே அளக்கும். எக்காட்சியும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குச் சமம் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. அச்சாம்பல் நிறம், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பித் தருவது. வயலும் வீடும் மனிதரும் கலந்த காட்சியில் இக்கணக்குப் பெரிதும் பிழைப்பதில்லை. ஆனால் புதிதாய்ப் பெய்த பனியோ 80 முதல் 90 விழுக்காடு ஒளியைத் திருப்பி வீசுகிறது. ஒளி மிகுந்துவிட்டதென்று கருதும் கருவி, உள்ளே வரும் ஒளியைக் குறைத்துவிடுகிறது. அதனால் வெண்பனி சாம்பலாகிறது; அதன் நடுவே நிற்கும் முகம் இருளில் மறைகிறது. இன்றைய கைப்பேசிகள் ஓரளவு தாமே திருத்திக்கொள்ளுமாயினும், எப்போதும் அவற்றையே நம்பியிருக்க இயலாது.

கண் கூசும் பனியில் ஒளியைக் குறைக்கவே நமக்குத் தோன்றும். செய்யவேண்டியதோ அதற்கு நேர்மாறானது, ஒளியைக் கூட்டவேண்டும். அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு முறையை வகுத்தார். முழுக் கறுப்பை 0 என்றும் முழு வெண்மையை 10 என்றும் கொண்டால், நடுச்சாம்பல் 5-இல் நிற்கும். தன் நுண்வடிவம் தெரியும் பனி 7 அல்லது 8-இல் நிற்கவேண்டும். ஒவ்வொரு படியும் ஒளியை இருமடங்காக்குவது. ஆகவே இரு படி ஏற்றினால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும்.

காமிராவில் கூட்டல், கழித்தல் குறியுள்ள அமைப்பை, பனி படம் முழுவதும் நிறைந்திருந்தால் +2 வரையும், பாதியளவே இருந்தால் +1 அளவுக்கும் வைக்கலாம். கைப்பேசிகள் பலவற்றில், திரையில் தெரியும் முகத்தை விரலால் தொட்டதும் சூரியனைப் போன்ற குறி தோன்றும். அதனை மேல்நோக்கி நகர்த்தினால் போதும். அளவு மீறினால், பனியில் பதிந்த காலடித் தடங்கள்கூட மறைந்து வெறும் வெள்ளைத்தாளே எஞ்சும். அப்படி வெளுத்துப்போனதைப் பின்னர் மீட்கவும் முடியாது. எனவே ஒரே காட்சியை இரண்டு மூன்று அளவுகளில் எடுத்துவைப்பது நன்று.

இவற்றை எளிய சொற்களில் எழுதி மகனுக்கு அனுப்பச் செய்தோம். பத்து நாள்களில் புதிய படம் வந்தது. பனி பனியாகவே வெளுத்திருந்தது. முகமும் தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மையார் பனியைப் பார்க்கவேயில்லை. திரையில் தெரிந்த கன்னத்தை விரலால் தடவி, "இளைத்துத்தான் போயிருக்கிறான் சாமி, ஆனால் சிரிக்கிறான்" என்றார்.