க்யூவில் கடைசியாக நிற்கிறவன் பிள்ளை

எங்கள் மாடி வீட்டு நண்பர் (திருச்சிப் பக்கம், மென்பொருள் வேலை) போன ஞாயிறு காபி குடிக்கும்போது ஆரம்பித்தார். "சார், கவர்ன்மென்ட் எதுக்கு ஸ்கூல் நடத்தணும்? ஆளுக்கு ஒரு வவுச்சர் குடுத்துட்டா போதும். புடிச்ச ஸ்கூல்ல சேத்துக்கட்டும். ஸ்வீடன்லயே அப்படித்தான்." அப்போது சண்டை போட மனசில்லை. பதிலை இங்கே எழுதிவிடுகிறேன், எப்படியும் படிப்பார் :-)

அவர் சொன்னது சரிதான். 1992-ல் ஸ்வீடன் அந்த முறையைக் கொண்டுவந்தது. பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்கிறதோ, தனியார் பள்ளியானாலும், நகராட்சி அதற்குப் பணம் கொடுக்கும். பெற்றோரிடம் ஃபீஸ் வாங்கக்கூடாது. டொனேஷனுக்கு பி.எஃப்.பில் கை வைத்த நமக்கெல்லாம் சொர்க்கம் மாதிரித் தெரியும். ஆனால் லாபம் எடுக்கத் தடை இல்லை. கம்பெனிகள் வந்தன. 2016-ல் அகாடமீடியா என்ற பள்ளி நிறுவனம் பங்குச் சந்தைக்கே போனது.

இருபது வருஷமாக பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவன் புத்தி எங்கே போகும்? தலைக்கு இவ்வளவு என்று வரவு நிர்ணயமாகிவிட்டது. அப்புறம் லாபம் எங்கிருந்து வரும்? செலவைக் குறைக்க வேண்டும், அல்லது செலவு வைக்காத பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மதிப்பெண் போடுவதும் அந்தந்தப் பள்ளி ஆசிரியர்தான். தேசியத் தேர்வுத் தாளைக்கூட பெரும்பாலும் அதே பள்ளியிலேயே திருத்தி வந்தார்கள். கடன் கேட்டு வருகிறவரே தனக்கு ரேட்டிங் போட்டுக்கொண்டு வந்தால் எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?

பீசா தேர்வில் ஸ்வீடனின் கணக்கு மதிப்பெண் 2003-ல் 509, 2012-ல் 478. 2018-ல் 502-க்கு ஏறி, 2022-ல் மறுபடி 482. எல்லாப் பழியையும் வவுச்சர் மேல் போட்டால் அது நேர்மையான ஆடிட் இல்லை. 1991-லேயே பள்ளிகளை மத்திய அரசிடமிருந்து நகராட்சிகளிடம் மாற்றியிருந்தார்கள். 2013-ல் ஜேபி எஜுகேஷன் என்ற கம்பெனி திவாலானபோது சுமார் 10,000 மாணவர்கள் அதில் படித்துக்கொண்டிருந்தார்கள். சில பள்ளிகளை வேறு ஆட்கள் வாங்கினார்கள், மற்றவை மூடப்பட்டன.

என்னை உறுத்துவது இதெல்லாம்கூட இல்லை, அந்த க்யூ. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால், தனியார் பள்ளி முதலில் பதிந்தவருக்கு முதலில் இடம் கொடுக்கலாம். விவரம் தெரிந்த பெற்றோர் குழந்தை பிறந்த கையோடு பதிந்துவிடுவார்கள். 2015-ல் மட்டும் சுமார் 1,63,000 பேர் அந்த நாட்டில் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். அவர்கள் பிள்ளை பிறந்தபோது எந்த க்யூவில் பெயர் கொடுத்திருப்பார்கள்?

எனக்கு இது கேள்விப்பட்ட கதை இல்லை. ஐந்து ட்ரான்ஸ்ஃபர் பார்த்தவன். மூட்டை முடிச்சோடு ஜூன் மாதம் ஒரு பள்ளி வாசலில் நின்றபோது, "போன டிசம்பர்லயே முடிஞ்சு போச்சு" என்றார்கள். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளியின் ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சேர்த்துக்கொண்டது கேந்திரிய வித்யாலயா. அங்கே எத்தனை முறை மாற்றலானோம் என்பதை எண்ணி முன்னுரிமை கொடுக்கிறார்கள். ஒரே ஊரில் இருந்து இடம் பிடித்தவனுக்கு அல்ல, ஊர் ஊராக அலைந்தவனுக்கு. சந்தை எதற்காக அப்படி ஒரு விதி போடப்போகிறது?

நண்பரின் பையனுக்கு அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. அவரும் இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அட்மிஷன் அலைச்சல் தொடங்கட்டும், மறுபடி காபிக்குக் கூப்பிடுகிறேன்.