பதினேழு மணி நேரக் கணக்கு

எங்கூர்ல (கருமத்தம்பட்டி தானுங்க) ஒரு தறிக்காரர் வீட்டு எழவு. செவ்வாக்கிழமை விடியக்காலம் 5 மணிக்கு உசுரு போச்சு. ஒரே பையன், சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை. பங்காளிக கூடி எப்ப எடுக்கறதுன்னு பேசறப்ப ஒரு மாப்ள செல்போனைத் தட்டிப் பாத்துட்டு, "ப்ளைட்டு 17 மணி நேரம்தான் மாமா"ன்னான். அப்ப புதன் காலைல 10 மணிக்கு எடுத்தர்லாம், 12 மணி நேரம் கூடவே விட்டிருக்கோமேன்னு முடிவாயிருச்சு.

பையன் வந்து சேந்தது புதன் ராத்திரி 11 மணிக்கு. கொள்ளி வெச்சது தம்பி மகன்.

மாப்ள சொன்னதுல பொய் இல்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் கோட்டுல சுமார் 14,200 கிலோமீட்டர். 2021 ஜனவரில பெண் விமானிகளே ஓட்டிட்டு வந்த ஏர் இந்தியா ப்ளைட்டு, அங்கிருந்து வடதுருவத்து மேல பறந்து பெங்களூருக்கு வந்தது. அதுக்கும் ஏறக்குறைய 17 மணி நேரம்தான் ஆச்சு. ஆனா அது வானத்துல பறக்கற நேரம். பெங்களூர்ல எறங்குனாலும் சேலம், பெருந்துறை, அவினாசின்னு கார்ல ஏழெட்டு மணி நேரம் இருக்கே?

இந்தப் பையன் கணக்கப் பாருங்க. நமக்கு செவ்வாய் காலை 5ன்னா, அங்க திங்கள் சாயங்காலம் நாலரை (குளிர் காலமா இருந்தா மூணரை). அன்னிக்கு ராத்திரி ப்ளைட்ல சீட்டு இல்லை. மறுநாள் காலைல 10 மணி ப்ளைட்டுதான் கெடச்சுது. ஏறறதுக்கே பதினேழரை மணி நேரம் போயிருச்சு! அப்புறம் சிங்கப்பூருக்கு பதினாறரை, அங்க மூணு மணி நேரம் உக்காந்து, கோயமுத்தூருக்கு நாலேகால். பீளமேட்டுல எறங்கி வெளிய வந்து அவினாசி ரோட்டுல வீடு வர ஒரு மணி நேரம். மொத்தம் சுமார் 42 மணி நேரமுங்க.

இதே பையன் சிங்கப்பூர்ல இருந்திருந்தா 3,160 கிலோமீட்டர்தான், நேரடி ப்ளைட்டு வேற. அன்னிக்கோ மறுநாளோ வந்திருப்பான். அமெரிக்காவுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

பெரியவங்களக் குத்தம் சொல்லலைங்க. எடுக்கற வரைக்கும் அடுப்பு மூட்ட மாட்டாங்க, பொம்பளைக பட்டினி, சுகர் மாத்திரை போடறவங்க பாடு தனி. அதனால சீக்கிரம் முடிக்கப் பாக்கறாங்க. அது நியாயம்தான். ஆனா நேரத்தைக் குறிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பையனக் கூப்புட்டு, "சாமி, டிக்கெட் போட்டாச்சா? நம்ம ஊரு நேரத்துல எப்ப வாசல்ல நிப்பே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? யாருமே கேக்கலை. அழுதுட்டு இருக்கறவன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டாங்களாம். அவனும் நமக்காகக் காத்திருப்பாங்கன்னு நெனச்சுட்டே சிங்கப்பூர்ல உக்காந்திருந்திருக்கான்.

ஐஸ் பொட்டிக்கு இன்னும் ஒரு நாள் வாடகை. அவ்வளவுதானுங்களே ஆகியிருக்கும்.