மதுக்கடை உரிமமும் தெருவாரின் சொல்லும்

மைசூரின் ஒரு குடியிருப்புத் தெருவுக்கு மதுக்கடை வருமானால், அங்கு வாழ்வோர் என்ன செய்யலாம்? மனு கொடுக்கலாம்; கடைவாசலில் அமர்ந்து மறியல் செய்யலாம்; வசதி இருப்பின் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அவர்களையும் கடைக்காரரையும் எதிரெதிரே அமர்த்தி, இரு தரப்பையும் கேட்டு, காரணத்தை எழுத்தில் கூறித் தீர்ப்பளிக்கும் நகரமன்றக் குழு ஒன்று இந்நகரில் இல்லை. உள்ளாட்சி நிருவாகத்தை ஆய்ந்து வருபவன் என்ற முறையில் என்னை நெடுநாளாக உறுத்தும் குறை இது. மதுவிலக்கை வேண்டி இப்பதிவை எழுதவில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தைத் துணைக்கு அழைக்கும் எண்ணமும் இல்லை. கேள்வி, யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம் என்பது மட்டுமே.

கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் வழங்கும் அதிகாரம் மாநில அரசின் அலுவலர்களிடம் உள்ளது. சில்லறைக் கடைக்கு சி.எல்.2, மது அருந்தகத்துடன் கூடிய உணவகத்துக்கு சி.எல்.9 என வகைகள் உண்டு. கலால் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இவ்விரு வகையிலும் புதிய உரிமம் தருவதை அரசு 1992இல் நிறுத்திவைத்தது. கேட்பதற்கு நல்ல முடிவு போலத் தோன்றும். ஆனால் விளைந்தது வேறு. எண்ணிக்கை உறைந்துபோனதால் பழைய உரிமமே விலையுயர்ந்த சொத்தாயிற்று. ஓரிடத்தில் எதிர்ப்பு எழுந்தால் உரிமம் மடிவதில்லை. அடுத்த தெருவுக்கு இடம் பெயர்கிறது.

இந்த இடப்பெயர்ச்சியின் பெரிய அலையை 2017இல் கண்டோம். தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15இல் தீர்ப்பளித்தது. சாலை விபத்தைக் குறைப்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் சாலையோரம் விட்ட கடைகள் குடியிருப்புகளுக்குள் நுழைய முற்பட்டன. பெண்கள் தெருவில் இறங்கினர். சாலையில் செல்வோரின் உயிரைப் பற்றி நீதிமன்றம் எண்ணியது. கடை போய்ச் சேரும் தெருவை எண்ணிப்பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை.

கடையின் இடத்துக்கு விதிகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. வழிபாட்டிடம், கல்வி நிலையம், மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெரும்பான்மையாக வாழும் குடியிருப்பில் கடை கூடாது. இந்தப் பிந்தைய விதி சிந்திக்கத் தக்கது. மீட்டர் கணக்கால் மட்டும் இது தீராது, அங்கு வாழ்வோர் யார் என்பதையும் பார்க்கவேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறதே அன்றி அவர்களின் கருத்தைக் கேட்பதில்லை. குடியிருப்பின் எல்லையை எங்கே வரைவது, பெரும்பான்மையை எப்படிக் கணக்கிடுவது என்பன அலுவலகத்தில் முடிவாகின்றன. நாடா பிடித்து அளக்கும் ஊழியருக்கு 99 மீட்டரும் 101 மீட்டரும் வேறு வேறு உலகங்கள். மாலையில் அவ்வழியே வேலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு அப்படியன்று.

நகரத்தை விட்டு மாவட்டத்தின் தென்மேற்குக்குச் சென்றால் நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரியும். எச்.டி. கோட்டை வட்டத்தின் காட்டோர ஹாடிகளில் ஜேனு குருபர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். 1996ஆம் ஆண்டின் 'பெசா' சட்டம், மதுவைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் கிடைக்க வழி செய்கிறது. ஆனால் அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். கர்நாடகத்தில் அத்தகைய பகுதி ஒன்றேனும் அறிவிக்கப்படவில்லை. ஜார்க்கண்டின் அட்டவணைப் பகுதிப் பழங்குடி ஊருக்குச் சட்டம் காட்டும் வழி, எச்.டி. கோட்டையின் ஹாடிக்கு இல்லை. 2019 ஜனவரியில் சித்ரதுர்கத்திலிருந்து பெங்களூருவுக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கு நடந்த ஊரகப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். தம் ஊரில் ஓர் அவை இருந்திருப்பின் அவ்வளவு தொலைவு நடந்திருக்க வேண்டுமா?

இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் இவ்விடத்தில் ஒப்பிடத் தக்கது. அங்கே மதுக்கடை உரிமம் உள்ளூர் மன்றத்தின் கையில் உள்ளது. காவல்துறை மட்டுமன்றி, குடியிருப்போரும் மறுஆய்வு கோரலாம். மன்ற உறுப்பினர் மூவர் அமர்ந்து விசாரிப்பர். விற்பனை நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை சேர்க்கலாம், மூன்று மாதம் வரை உரிமத்தை நிறுத்திவைக்கலாம், கடைசியாக ரத்தும் செய்யலாம். முடிவில் குறையிருப்பின் கடைக்காரர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். என்னைக் கவர்வது இந்த இடைநிலைத் தீர்வுகளே. இரவு பத்துக்கு மூடு, வாசலில் நின்று குடிக்க விடாதே என்று ஒரு கடைக்குச் சொல்வதற்கும் நம் தெருவார் கடையையே அகற்றக் கோரிப் போராட வேண்டியுள்ளது. இல்லையேல் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேலைநாட்டு முறை இங்கே வேரூன்றாது என்பாருக்கு மகாராட்டிரத்தைக் காட்டலாம். அங்கே வாக்காளர் நால்வரில் ஒருவர் கோரினால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வழியுண்டு. நிமிர்ந்த பாட்டில் கடை நீடிக்க, கவிழ்ந்து கிடக்கும் பாட்டில் கடையை மூட. எழுத்தறியாத மூதாட்டியும் தயங்காமல் முத்திரை குத்தலாம்.

எதிர்வாதங்களில் ஒன்று வலுவானது: அதிகாரம் உள்ளூருக்கு வந்தால் கையூட்டும் உள்ளூருக்கு வரும். உண்மை. எனவேதான் நகரமன்ற உறுப்பினரின் தனிக் கையொப்பத்தை நான் கேட்கவில்லை. பொதுமக்கள் முன் நடக்கும் விசாரணையையும் எழுதப்பட்ட காரணத்தையும் கேட்கிறேன். கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது மற்றொன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை எவரும் மறந்துவிட முடியாது. ஆனால் அங்கே அரசு மதுக்கடைகள் இல்லாமலில்லை. கடைக்காரரின் தொழிலுரிமை என்னாவது என்போருக்கு, மது வணிகம் அடிப்படை உரிமையன்று என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவ்வழக்கும் கர்நாடகத்திலிருந்து சென்றதே.

உண்மையான தடை வருவாய்தான். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் கலால் துறைக்கு வைக்கப்பட்ட இலக்கு 40,000 கோடி ரூபாய். இலக்கை எட்டவேண்டிய துறையே தெருவாரின் குறையையும் கேட்டுத் தீர்க்கும் என்று எதிர்பார்ப்பது அத்துறைக்கே நியாயமன்று. மாநகராட்சிக்கோ கடையடியில் சேரும் காலிப் பாட்டில்களையும் நெகிழிக் குவளைகளையும் அள்ளும் வேலை மட்டும் வாய்த்திருக்கிறது. மைசூர் மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடக்காததால், குறை சொல்ல ஓர் உறுப்பினர்கூட இல்லாமற்போனார்.

நான் முன்வைப்பது சிறு மாற்றம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், புதுப்பிக்கவிருக்கும் கடைகளின் பட்டியலை வார்டு வாரியாகக் கன்னடத்திலும், அவ்வப்பகுதியினர் படிக்கும் பிற மொழிகளிலும் ஒட்டவேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் குடியிருப்போர் கையொப்பமிட்டுக் கோரினால், வார்டுக் குழுவின் முன் ஜூன் மாதத்துக்குள் விசாரணை நடக்கவேண்டும். காவல் நிலையத்தில் பதிவான புகார்கள் அங்கே வைக்கப்பட வேண்டும். குழுவின் பரிந்துரையை ஏற்காத அலுவலர் அதற்கான காரணத்தை எழுதவேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால், ஜூலை 1க்குப் பின் நீதிமன்றம் போவோர் வெறுங்கையோடு போகமாட்டார்கள்.