சரும வியாதியும் சுதேசி மருந்தும்

2025-ஆம் வருஷம் மே மாதத்தில் ஜினீவா நகரில் கூடிய உலக சுகாதார மகாசபை, சரும நோய்களை உலகப் பொது சுகாதாரத்தின் முதன்மையான விஷயங்களில் ஒன்றாகப் பாவிக்கவேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பதினொரு வருஷங்களுக்கு முன், 2014-இல், அதே மகாசபை சோரியாசிஸ் என்னும் ஒரு வியாதியைப்பற்றி மட்டும் தனித் தீர்மானம் செய்திருந்தது. தீர்மானங்கள் நல்லவையே. ஆனால் தீர்மானம் எந்தப் படையையும் ஆற்றாது, மருந்துதான் ஆற்றவேண்டும். அந்த மருந்து இன்று உலகில் இருக்கிறது. நம் தேசத்திலும் இருக்கிறது. ஏழையின் கைக்கு எட்டும் இடத்தில் மட்டும் இல்லை. இந்நிலைமை நீடிக்கலாமா என்பதே நாம் இன்று பொதுஜனங்களின் முன்னும் சர்க்காரின் முன்னும் வைக்க விரும்பும் கேள்வி.

சோரியாசிஸை நம் சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பர். தோல் தடித்து, வீக்கங்கொண்டு, வெள்ளி நிறமான செதிள்கள் உதிர்வது இதன் லக்ஷணம். உலகில் பத்துக்கோடி பேருக்குக் குறையாமல் இதனால் வருந்துகின்றனரென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இது தொற்றுவியாதியன்று. கைகுலுக்குவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வருவதன்று. ஆயினும் இவ்வியாதியஸ்தரைக் கண்டால் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தைவிட்டு எழுந்துபோவோர் உண்டு. நாவிதர் கடையில் உட்காரவிடாதோர் உண்டு. நிச்சயமான கல்யாணத்தை நிறுத்துவோரும் உண்டு. ஐரோப்பாவிலும் முன்னாளில் இதைக் குஷ்டமென்றே எண்ணி மக்களை ஒதுக்கிவைத்தார்கள். இரண்டும் வெவ்வேறு வியாதிகளென்பதை வியன்னா நகரத்து வைத்தியர் ஹெப்ரா 1841-இல் தெளிவாக ஸ்தாபித்தார். குஷ்டமும் இன்று மருந்தால் தீரும் வியாதியாகிவிட்டது. ஆகவே, குஷ்டரோகியை ஒதுக்குவதே அநியாயமாயிருக்க, குஷ்டமல்லாததைக் குஷ்டமென்று ஒதுக்குவதை என்னவென்று சொல்வது?

இவ்வியாதி தோலில் தோன்றினாலும் தோலோடு நிற்பதன்று என்பதே சமீபகால ஆராய்ச்சியின் முதற் பாடம். கிருமிகளோடு போராடுவதற்கென்று நம் தேகத்தில் அமைந்திருக்கும் எதிர்ப்புச் சக்தி, பகைவனில்லாதபோதே போர் முரசு கொட்டுவதால் விளைவது இது. சாதாரணமாக மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படுகிறது. சோரியாசிஸில் அந்த வேலை சில தினங்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாய்க் குவிந்து செதிளாகின்றன. இந்தக் கலகத்தை நடத்துபவை ரத்தத்திலும் தோலிலும் ஓடும் சில தூதுப் பொருள்கள். கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆராய்ச்சிசாலையில் 2000-இல் 'இன்டர்லூகின்-23' என்னும் தூதுப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அது கட்டளையிட, 'டி' அணுக்கள் 'இன்டர்லூகின்-17' என்பதைச் சுரக்க, அதனால் தோல் கொதித்தெழுகிறது என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. படை ஆறியபின்னும் அவ்வணுக்களிற் சில பழைய இடத்திலேயே ஞாபகத்தோடு தங்கியிருக்கின்றன. போன படை அதே முழங்கையில் திரும்ப வருவதன் ரகசியம் அதுவே.

இந்த ஞானத்திலிருந்து பிறந்தவையே 'பயாலஜிக்' என்று சொல்லப்படும் மருந்துகள். உயிரணுக்களில் விளைவித்து எடுக்கப்படும் இந்த எதிர்ப்பொருள்கள், தேகத்தின் எதிர்ப்புச் சக்தி முழுவதையும் அடக்காமல், குற்றவாளியான தூதனை மட்டும் வழியிலேயே மடக்குகின்றன. இவ்வகையில் 'இன்டர்லூகின்-17'-ஐத் தடுக்கும் முதல் மருந்துக்கு 2015-இல் அமெரிக்காவில் அநுமதி கிடைத்தது. 'இன்டர்லூகின்-23'-ஐ மட்டும் தடுப்பவை 2017 முதல் வரலாயின. அவற்றுள் ஒன்றான ரிசான்கிசுமாப் என்பதைப்பற்றி 2018-இல் வெளியான பரீக்ஷைகளில், பதினாறு வாரங்களில் நால்வரில் மூவருக்கு வியாதி பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ மறைந்ததாகக் கண்டார்கள். கீல் தைலத்தையும் களிம்பையும் தவிர வேறறியாத தலைமுறைக்கு இது அற்புதமாகவே தோன்றும்.

கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமாவின் கதையும் இதுவே. குழந்தைகள் இரவெல்லாம் சொறிந்து தூக்கமிழப்பதும், தாயார் உடன் விழித்திருப்பதும் எத்தனை வீடுகளில்! ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2006-இல், தோலின் மதிற்சுவரைக் கட்டும் 'ஃபிலாக்ரின்' என்ற புரதத்தின் மரபணுவில் பழுதிருந்தால் கரப்பானுக்கு வழி திறக்கிறதென்று கண்டறிந்தார்கள். அதன் அழற்சியையும் அரிப்பையும் தூண்டும் தூதுப் பொருள்களைத் தடுக்கும் டுபிலுமாப் 2017-இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அநுமதிக்கப்பட்டது. 2022-இல் ஆறு மாதக் குழந்தைகள் வரையில் அந்த அநுமதி நீட்டப்பட்டது.

இவ்வளவும் அந்நிய நாட்டு விஞ்ஞானிகளின் சாதனைதானே, இதில் நமக்கென்ன பங்கு என்று கேட்போருக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்ற இளைஞர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். மகாத்மா காந்தியின் அழைப்பைக் கேட்டு, அந்நியத் துணியை விலக்கி, ரண சிகிச்சைச் சாலைக்கும் கதரங்கி அணிந்தே சென்றார். அதனால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தையே பெற்றார். பின்பு அமெரிக்கா சென்ற அவர் தலைமையில், லெடர்லி ஆராய்ச்சிசாலையில் 1945-இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அமினோப்டெரினும் மெதோட்ரெக்ஸேட்டும் பிறந்தன. 1948-இல் ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் காலமானார். மூன்று வருஷங்களுக்குப் பின், 1951-இல், அமினோப்டெரின் கொடுக்கப்பட்ட நோயாளிகளின் சோரியாசிஸ் ஆறுவதை அமெரிக்க வைத்தியர்கள் கண்டார்கள். விரைவில் மெதோட்ரெக்ஸேட் அதன் இடத்தைப் பெற்றது. வாரம் ஒரு தினம் மட்டும், ரத்தத்தையும் ஈரலையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு, தேர்ந்த வைத்தியரின் மேற்பார்வையில் உண்ணவேண்டிய அம்மாத்திரைதான் இன்றும் கடுமையான சோரியாசிஸுக்கு ஏழைகளின் பெருந்துணை. அதன் தீங்கைக் குறைக்க உடன் கொடுப்பதும் அதே ஃபோலிக் அமிலம்! கதருடுத்த ஒரு மாணவனின் அறிவு இவ்விதம் உலகெங்குமுள்ள நோயாளிகளின் தோலைக் காக்கிறது. நம்மவர்க்கு அறிவில்லை என்று இனி எவர் சொல்லத் துணிவார்?

தயாரிக்கும் திறமும் நமக்கு இல்லாமலில்லை. பெங்களூர்க் கம்பெனியான பயோகான், கியூபா நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து வளர்த்த இடோலிசுமாப் என்னும் சோரியாசிஸ் மருந்தை 2013-இல் வெளியிட்டது. அதன் பலன் பின்னர் வந்த மருந்துகளின் பலனுக்கு ஈடாகவில்லையென்பது மெய். ஆனால் அத்தகைய மருந்தை இத்தேசத்தில் ஆக்கமுடியுமென்பதை அது நிரூபித்தது. அடுத்த வருஷமே, சோரியாசிஸுக்கும் மூட்டு வியாதிக்கும் உலகெங்கும் வழங்கும் அடலிமுமாப் மருந்துக்கு நிகரான மருந்தை ஜைடஸ் என்ற ஆமதாபாத் கம்பெனி உலகிலேயே முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அசல் மருந்தின் விலையில் ஒரு சிறு பங்கே அதற்கு விலை. ஆயினும் அந்தச் சிறு பங்கும் தினக்கூலி வாங்குவோனுக்கு மலையே. புதிய மருந்துகளோ பெரும்பாலும் அந்நியக் கம்பெனிகளின் பேட்டன்ட் கோட்டைக்குள் இருக்கின்றன.

அந்தக் கோட்டைக்கும் வாசல் உண்டு. 2012-இல் புற்றுநோய் மருந்தொன்றின் விஷயத்தில் நம் பேட்டன்ட் அதிகாரி கட்டாய லைசென்ஸ் வழங்கினார். மாதத்துக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வரையில் விற்ற மருந்து 8,880 ரூபாய்க்கு இறங்கியது. அந்தச் சட்டம் இன்னும் நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. உறையிலேயே துருப்பிடிப்பதற்கா வாள்?

நாம் அந்நிய ஆராய்ச்சியைச் சும்மா காப்பியடித்தாலும் போதாது. நம் தேசத்துக்கே உரிய கேள்விகள் இருக்கின்றன. உலகத்துக் க்ஷயரோகிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். அடலிமுமாப் போன்ற மருந்துகள் உள்ளே உறங்கும் க்ஷயத்தை எழுப்பிவிடக்கூடும். ஆகவே எந்த மருந்தை யாருக்கு, என்ன பரிசோதனைக்குப்பின் கொடுப்பதென்பது நம் வைத்தியர்களுக்குத் தலையாய பிரச்னை. மேலும், வெள்ளைத் தோலில் செக்கச் செவேலென்று தெரியும் அழற்சி, நம் கறுத்த மேனியில் ஊதாவாகவோ பழுப்பாகவோதான் தோன்றும். அந்நியப் பாடப்புத்தகத்துப் படத்தைப் பார்த்துப் பழகிய கண் அதைக் காணாமல் விட்டுவிடுவது எளிது. நம் தோலைப்பற்றி நாமே ஆராயாவிட்டால் வேறு யார் ஆராய்வார்?

சித்த மருத்துவத்தில் இப்படைக்கு வெட்பாலைத் தைலம் வழங்கிவருகிறது. நமது என்பதற்காக எதையும் கண்மூடி ஏற்பதும் தவறு. நமது என்பதற்காகவே தள்ளுவதும் தவறு. முறையான பரீக்ஷையில் தேறியதைத் தலைமேற்கொள்வோம். தேறாததைத் தயக்கமின்றி விடுவோம். அதுவே சுதேசிக்குக் கௌரவம்.

நல்ல மருந்து ஏழைக்கு எட்டாதிருக்க, கெட்ட மருந்து மட்டும் தெருக்கோடிக் கடை வரையில் எட்டியிருக்கும் விபரீதத்தையும் இங்கே சொல்லாமலிருக்க முடியாது. கடுமையான ஸ்டீராய்டும் வேறு இரண்டு மூன்று மருந்துகளும் கலந்த களிம்புகள் மிட்டாயைப்போல் விற்பனையாகின்றன. அரிப்பு இரண்டு தினம் அடங்குகிறது. பிறகு தோல் மெலிந்து, முகம் வெந்து, வியாதி வேரூன்றுகிறது. தேமல், படர்தாமரை போன்ற பூஞ்சை வியாதிகள் இக்களிம்பால் உருமாறிப் பரவுகின்றன. சாதாரண மருந்துக்கு அடங்காத ஒரு புதிய படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-இல் விஞ்ஞானிகள் 'இண்டோடினியே' என்று பெயரிட்டார்கள். நம் தேசத்தின் பெயர் உலக சாஸ்திரத்தில் இவ்விதமா பதியவேண்டும்? சரும வைத்தியர்களின் அகில இந்திய சங்கம் விடாமல் கிளர்ச்சி செய்ததன்மேல், வைத்தியர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாதென்று 2018-இல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. உத்தரவு கெஜட்டில் இருக்கிறது. களிம்பு கடையில் இருக்கிறது!

இவை உயிரைக் கொல்லும் வியாதிகளல்லவே. க்ஷயமும் புற்றும் இருக்க, தோலுக்கா பொதுப்பணத்தைச் செலவிடுவது என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். இந்த வாதம் சாஸ்திரத்துக்கும் பொருந்தாது, தர்மத்துக்கும் பொருந்தாது. கடுஞ் சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு, முக்கியமாக வாலிபர்களுக்கு, மாரடைப்பு அபாயம் அதிகமென்று 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பலருக்கு மூட்டுகளும் பழுதாகிக் கைவிரல் மடங்கிவிடுகிறது. விரல் மடங்கிய நெசவாளி தறியில் உட்காரமுடியுமா? படையுள்ள பெண் சமையல் வேலைக்குப் போனால் ஏற்பார்களா? பிழைப்பைக் கொல்லும் வியாதியை, உயிரைக் கொல்லவில்லையென்று அலட்சியம் செய்வது, பிழைப்புக்குக் கவலையில்லாதவர்களின் நியாயம்.

செய்யவேண்டியவை அசாத்தியமானவையல்ல. 1994-இல் தமிழ்நாட்டில் ஏற்படுத்தப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாய்க் கொள்முதல் செய்து விலையை இறக்கும் வித்தையை இந்தியா முழுவதற்கும் கற்பித்தது. அதே வித்தையை இந்நோய்களின் சுதேசி மருந்துகளுக்கும் பிரயோகிக்கவேண்டும். ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மெதோட்ரெக்ஸேட்டும், அதற்கு அடங்காதவர்க்கு மேல்நிலை மருந்தும் ஒழுங்காகக் கிடைக்கவேண்டும். கிராம வைத்தியருக்குக் கறுத்த மேனியில் வியாதியைக் காணும் பயிற்சி தரவேண்டும். 2018 உத்தரவைக் கடைதோறும் நிறைவேற்றவேண்டும். பேட்டன்ட் விலை நியாயத்தை மீறினால் கட்டாய லைசென்ஸ் என்ற ஆயுதத்தை எடுக்க மத்திய சர்க்கார் தயங்கலாகாது. நம் சர்வகலாசாலைகளுக்கு இத்துறை ஆராய்ச்சிக்கென்று தாராளமாய்ப் பொருளுதவி செய்யவேண்டும்.

சர்க்காரால் செய்ய முடியாத காரியம் ஒன்றுண்டு. அது ஜனங்களாகிய நம்முடைய பொறுப்பு. தீண்டாமை குற்றமென்று அரசியல் சாசனத்தில் எழுதிக்கொண்ட தேசம் இது. தோலில் ஒரு படை தோன்றியதற்காக ஒரு மனிதனை எட்டி நிற்கச் சொல்வதும் தீண்டாமையின் மற்றொரு வேஷமேயன்றி வேறில்லை. அதை ஒழிக்கப் பேட்டன்டும் வேண்டாம், பணமும் வேண்டாம். அவன் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தால் போதும். அதை இன்றே தொடங்கலாம். மற்றவற்றைச் சர்க்கார் இனியும் தாமதியாமல் தொடங்கவேண்டும்.