பி.இ. முடிச்சா ஐடிஐ வேலைக்கு அப்ளை பண்ணலாமா? மின்வாரியங்களை வைத்து உச்ச நீதிமன்றம் சொன்ன 3 பதில்கள்

2025 செப்டம்பரில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கு 1,794 களப்பணி உதவியாளர்களை எடுக்க டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வெளியிட்டது. கல்வித் தகுதி: எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற டிரேடுகளில் ஐடிஐ. இந்த மாதிரி அறிவிப்பு வந்த அன்றைக்கே இன்ஜினியரிங் பசங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி வந்துவிடும். "நான் பி.இ. இஇஇ. நான் அப்ளை பண்ணலாமா?"

கீழே வரும் பதில்கள் ரெண்டே வகைதான். "அதிகம் படிச்சா தப்பா, தாராளமா பண்ணு." இல்லைன்னா, "ஓவர் குவாலிஃபைட், ரிஜெக்ட் ஆகிடும்." ரெண்டுமே பாதி உண்மை. இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அதுவும் மின்வாரிய வேலைகளுக்காகவே மூன்று முறை.

ஏணியில் எத்தனை படி?

பத்தாவது முடித்தவர் 2 வருட ஐடிஐ போகலாம், அல்லது பாலிடெக்னிக்கில் 3 வருட டிப்ளமோ சேரலாம். ஐடிஐ முடித்தவர் நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். பிளஸ் டூ முடித்தவருக்கு நேராக 4 வருட பி.இ.

பார்க்க ஒரே ஏணி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பிளஸ் டூ வழியாக வந்த இஇஇ மாணவர் கீழே இருக்கிற ரெண்டு படியிலும் கால் வைத்ததே இல்லை. பவர் சிஸ்டம்ஸ், மெஷின்ஸ், கன்ட்ரோல் எல்லாம் படித்திருப்பார். கேபிள் ஜாயின்ட் போட, மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்ய அவருக்கு யாரும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். அது ஐடிஐ-யில் நடக்கிற விஷயம். "மேல் படிப்பு படிச்சவருக்குக் கீழ் படிப்பும் தெரியும்" என்று எடுத்துக்கொள்ளலாமா? கோர்ட்டில் நடந்த சண்டை இதைச் சுற்றித்தான்.

கேரளா, 2010: பி.டெக் ஜெயித்தது

கேரள மின்வாரியத்தில் சப் இன்ஜினியர் (எலக்ட்ரிக்கல்) வேலைக்குக் கேட்ட தகுதி டிப்ளமோ. பி.டெக் படித்தவர்கள் விண்ணப்பிக்க, தேர்வாணையம் ஏற்கவில்லை. ஜோதி கே.கே. வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருப்பது இதுதான். உச்ச நீதிமன்றம் பி.டெக் காரர்கள் பக்கம் நின்றது.

காரணம் முக்கியம். கேரள அரசுப் பணி விதிகளிலேயே, கீழ் தகுதியை உள்ளடக்கிய மேல் தகுதி இருந்தால் போதும் என்ற அர்த்தத்தில் ஒரு விதி இருந்தது. பி.டெக் எலக்ட்ரிக்கல், டிப்ளமோவை உள்ளடக்கியதுதான் என்று கோர்ட் எடுத்துக்கொண்டது. பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி எங்கேயும் சொல்லவும் இல்லை.

ஜம்மு காஷ்மீர், 2018: டிப்ளமோ தோற்றது

அங்கே மின்துறையில் டெக்னீஷியன்-3 வேலை. கேட்ட தகுதி பத்தாவதுடன் சம்பந்தப்பட்ட டிரேடில் ஐடிஐ. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ வைத்திருந்தவர்கள், "நாங்க ஐடிஐ-யை விட மேலதானே" என்று கேட்டுப் போனார்கள். ஜகூர் அகமது ராதர் வழக்கு. 2018 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போனது.

கேரளாவில் இருந்தது போன்ற விதி இங்கே இல்லை. அப்படி இல்லாதபோது, மேல் படிப்பு கீழ் படிப்பை உள்ளடக்கியது என்று நீதிமன்றமாக ஊகிக்க முடியாது. எந்த வேலைக்கு எது தகுதி என்று முடிவு செய்வது வேலை கொடுக்கும் அரசின் உரிமை. அப்படி முடிவு செய்யும்போது சமூகத்தின் பல தட்டுகளில் இருப்பவர்களுக்கும் வேலை வாய்ப்பு போய்ச் சேருவதை அரசு கணக்கில் எடுக்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது.

கடைசியாகச் சொன்னது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஐடிஐ வேலைக்குப் பொறியியல் பட்டதாரிகளை அனுமதித்தால் எழுத்துத் தேர்வில் யார் முன்னால் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மின்கம்பம் ஏறும் வேலைக்காக இரண்டு வருஷம் படித்த பையனுக்கு அதுக்கப்புறம் போக வேறு படி கிடையாது. ஆனால் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பி.இ. பட்டதாரியிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்வது கஷ்டம், அதுவும் உண்மை.

இமாச்சல், 2021: மறுபடி டிகிரி

இமாச்சல் மின்வாரியத்தின் ஜூனியர் இன்ஜினியர் (எலக்ட்ரிக்கல்) வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி டிப்ளமோ. பட்டதாரிகள் வரலாமா என்பது வழக்கு. புனீத் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரலாம் என்றது. எப்படி? அடுத்த பதவியான அசிஸ்டென்ட் இன்ஜினியருக்கான பதவி உயர்வு விதிகளைக் கோர்ட் பார்த்தது. அதில், வேலையில் சேரும்போதே டிகிரி வைத்திருந்த ஜூனியர் இன்ஜினியர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தது. பட்டதாரிகள் அந்த வேலையில் சேரவே முடியாது என்றால் அந்த ஒதுக்கீடு யாருக்கு? இதுதான் லாஜிக்.

ஆக, மூன்று வழக்கிலும் முடிவு செய்தது படிப்பின் உயரம் இல்லை. அந்தந்த வேலைக்கான விதியில் இருந்த வார்த்தைகள்.

அப்போ நோட்டிஃபிகேஷனில் எதைத் தேடணும்?

ரயில்வேயின் அசிஸ்டென்ட் லோகோ பைலட் அறிவிப்பைப் பாருங்கள். ஐடிஐ, இல்லையென்றால் டிப்ளமோ, டிப்ளமோவுக்குப் பதிலாக டிகிரியும் ஏற்கப்படும் என்று அதிலேயே இருக்கும். குழப்பமே இல்லை. எஸ்எஸ்சி ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் டிப்ளமோ, டிகிரி இரண்டுக்கும் திறந்தது. அடிப்படைச் சம்பளம் ரூ.35,400-இல் தொடங்கும்.

பவர்கிரிட் நிறுவனத்தின் டிப்ளமோ டிரெய்னி அறிவிப்புகள் இதற்கு நேர் எதிர். பி.இ., பி.டெக் போன்ற மேல் தொழில்நுட்பத் தகுதி இருந்தால், டிப்ளமோவும் சேர்த்து வைத்திருந்தாலும் அனுமதி இல்லை என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. டிப்ளமோ முடித்து பி.இ.-யும் முடித்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும். பட்டதாரிகளுக்கு அங்கே தனி வழி இருக்கிறது, கேட் மதிப்பெண் மூலமாக.

டிகிரியை மறைத்துவிட்டு அப்ளை பண்ணினால்? வேண்டாம். 2020-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி தொடர்பான வழக்கு ஒன்று. பட்டதாரிகளுக்கு அனுமதி இல்லாத பியூன் வேலைக்குப் பட்டப்படிப்பை மறைத்து ஒருவர் விண்ணப்பித்தார். வங்கி அவரை ஏற்க மறுத்தது. அது சரி என்றது உச்ச நீதிமன்றம்.

அறிவிப்பில் மேல் தகுதி பற்றி ஒரு வார்த்தையும் இல்லையா? அப்போது காஷ்மீர் தீர்ப்பை மனதில் வைத்துக்கொண்டு, தேர்வாணையத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். யூடியூப் தம்ப்நெயில் கோர்ட்டில் ஆதாரமாகாது.

தமிழ்நாட்டில் பி.இ. காரருக்கான நேர் வழி என்றால் உதவிப் பொறியாளர் பதவிதான். முன்பு மின்வாரியமே தனியாகத் தேர்வு நடத்தியது. அரசு நிறுவனங்களுக்கான ஆள் தேர்வை டிஎன்பிஎஸ்சி-யிடம் ஒப்படைக்கும் சட்டம் 2022-இல் வந்த பிறகு அது மாறியது. கூடவே தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் பாடத்தாளில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் கணக்கில் வராது.

பிரைவேட்டில் எப்படி?

ஓரகடமோ ஓசூரோ, பெரிய தொழிற்சாலைகளில் நுழைவாயில் பெயரிலேயே பிரிவு இருக்கும்: ஜிஇடி என்றால் பட்டதாரி, டிஇடி என்றால் டிப்ளமோ. வேலை பல இடங்களில் கிட்டத்தட்ட ஒன்றுதான், சம்பளமும் அடுத்த பதவியும் வேறு. அப்ரென்டிஸ் வழியும் உண்டு. 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரி அப்ரென்டிஸுக்கு மாதம் குறைந்தது ரூ.9,000, டிப்ளமோவுக்கு ரூ.8,000 என்று நிர்ணயித்தார்கள். நாலு வருடப் படிப்புக்கும் மூணு வருடப் படிப்புக்கும் நடுவில் ஆயிரம் ரூபாய்.

டிகிரிக்கே மதிப்பு இல்லாத ஓர் இடம்

காலேஜில் பெரும்பாலும் யாரும் சொல்லித் தராத விஷயம் லைசென்ஸ். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகளின்படி, மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் அதை நேரடியாக மேற்பார்வையிட வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்குத்தான் விலக்கு. அதற்கு மேல் போனால், பி.இ. தங்கப் பதக்கம் வாங்கியவராக இருந்தாலும் டிகிரியை மட்டும் காட்டிக் கையெழுத்துப் போட முடியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். சூப்பர்வைசர் சான்றிதழைத்தான் வேலை விளம்பரங்களில் "சி லைசென்ஸ்" என்று போடுகிறார்கள். மில், மருத்துவமனை, ஹோட்டல், அபார்ட்மென்ட் பராமரிப்பு என்று அந்த இரண்டு வார்த்தை இருக்கும் விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. படிப்போடு நடைமுறை அனுபவமும் காட்ட வேண்டும் என்பதால், முதல் வேலையிலேயே அனுபவச் சான்றிதழ் யார் பெயரில், எந்த வேலைக்காகக் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ரெண்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்டால், அந்த ஒப்பந்ததாரர் போனை எடுப்பார் என்று நிச்சயம் இல்லை.