டம்பெல் அப்புறம், முதல்ல தரை: வீட்டு ஜிம்முக்கு எந்த விரிப்பு சரி?

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் வாங்குவது ஒரு ஜோடி டம்பெல். கூடவே ஒரு யோகா மேட். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஸ்கிப்பிங் கயிறு, ஒரு பெஞ்ச். தரையைப் பற்றி யோசிப்பது எப்போது? டைல்ஸில் விரிசல் விழுந்த பிறகு. அல்லது கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து பெல் அடித்த பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

இன்றைய அடுக்குமாடி வீடுகளின் தரை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கீழே கான்கிரீட் தளம், அதன் மேல் சிமென்ட் கலவை, அதற்கும் மேல் விட்ரிஃபைடு டைல்ஸ். துடைக்க வசதி, வருஷக்கணக்கில் தேயாது. ஆனால் குதிப்பதற்கு இதைவிட மோசமான தரை இருக்க முடியாது. குதித்து இறங்கும்போது ஏற்படும் அதிர்வை டைல்ஸ் கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாது. மொத்தமும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும். வியர்வை சொட்டினால் வழுக்கல் வேறு. தண்டால், பஸ்கி, சிலம்பம் எல்லாம் மண் தரையில் வளர்ந்தவை. மல்யுத்த கோதாவில் மண்ணைக் கிளறி, பொலபொலன்னு ஆக்கிய பிறகுதான் இறங்குவார்கள். பயிற்சி அப்படியேதான் இருக்கிறது, காலுக்குக் கீழே இருந்த மண் மட்டும் போய்விட்டது.

சரி, யோகா மேட் போதாதா? ஆசனம் செய்ய, படுத்து வயிற்றுக்கான பயிற்சிகள் செய்யப் போதும். வழக்கமாக அதன் தடிமன் 4 முதல் 6 மில்லிமீட்டர். கை நழுவி விழும் 10 கிலோ டம்பெல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஷூ போட்டுக்கொண்டு அதன் மேல் குதித்தால் சீக்கிரமே கிழியும்.

மெத்துன்னு இருந்தா நல்லதா?

அடுத்து எல்லோர் கண்ணிலும் படுவது, குழந்தைகள் விளையாட விரிக்கும் அந்தக் கலர் கலர் பஸில் மேட். ஈ.வி.ஏ. ஃபோமில் செய்தது. விலை குறைவு, எடை இல்லை, பிளாங்க் செய்யும்போது முழங்கைக்கு இதமாக இருக்கும். அதனால், தடிமன் 20 மில்லிமீட்டர் என்று பார்த்ததும் ‘இதுதான் பாதுகாப்பு’ என்று நினைத்துவிடுகிறார்கள். தப்பு நடப்பது இங்கேதான். கையில் எடையோடு ஸ்குவாட் செய்யும்போது குதிகால் ஃபோமுக்குள் அமுங்கும், கணுக்கால் ஆடும். எடை கூடக் கூட இந்த ஆட்டமும் கூடும். பளுதூக்கும் போட்டிகளில் வீரர்கள் நிற்கும் 4 மீட்டருக்கு 4 மீட்டர் மேடையை நினைத்துப் பாருங்க. மெத்தை போட்டா நிற்கிறார்கள்? உறுதியான, அசையாத பரப்பில்தான். மேலும், டம்பெல்லை ஒரே இடத்தில் வைத்து வைத்து எடுத்தால் ஃபோமில் விழும் பள்ளம் திரும்ப எழும்பாது.

ஆகவே பார்க்க வேண்டியது தடிமனை அல்ல, அடர்த்தியை. எடை தூக்குபவர்களுக்கு ஜிம்களில் போடும் கறுப்பு ரப்பர் டைல்தான் சரி. பழைய டயரை அரைத்த துகள்களிலிருந்து வருவது. வீட்டு டம்பெல்லுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் போதும். பார்பெல் வைத்திருப்பவர்கள் 15-க்கு மேல் போகலாம். புதிதில் நாற்றம் அடிக்கும். சில நாள் காற்றாட வைத்துவிட்டு உள்ளே கொண்டுவருவது நல்லது.

‘இவ்வளவு வெயிட்டை மாடி தாங்குமா?’ என்பது அடுத்த பயம். 10 மில்லிமீட்டர் ரப்பர், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 விதிப்படி, குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்படுகிறது. கான்கிரீட் வீட்டில் விரிப்பின் எடை ஒரு கவலையே இல்லை. மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடி என்றால் மட்டும் பொறியாளரைக் கேட்காமல் எதுவும் ஏற்ற வேண்டாம்.

அதற்காக அறை முழுக்க ரப்பர் போடுவது வீண் செலவு. 10-க்கு 10 அடி அறைக்கு 90 கிலோவுக்கு மேல் வரும்; லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு அதைத் தூக்குவதே ஒரு ஒர்க்அவுட். வாடகை வீடு என்றால் காலி செய்யும்போது மறுபடியும் இதே பாடு. நின்று எடை தூக்கும் இடத்துக்கு மட்டும், 4-க்கு 6 அடி போதும். அந்த இடத்தைத் தேர்வு செய்யும்முன் ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பார்க்கணும். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த டைல்ஸ்தான் முதலில் உடையும். அட்வான்ஸில் கழிக்க ஹவுஸ் ஓனருக்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

கீழ் வீட்டுக்காரரின் கூரை

சத்தம் விஷயத்தில் எந்த விரிப்பையும் முழுசா நம்ப முடியாது. பாட்டுச் சத்தத்தைக் கதவைச் சாத்தி அடக்கலாம். குதிக்கும் சத்தம் கான்கிரீட் வழியாகவே போகிறது. ரப்பர் அதைக் குறைக்கும், நிறுத்தாது. காலை 5 மணிக்கு ஸ்கிப்பிங் செய்பவருக்கு அது ஆரோக்கியம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு இப்போதுதான் படுத்த கீழ் வீட்டுக்காரருக்கு அது தலைக்கு மேல் சம்மட்டி. ஸ்கிப்பிங், பர்பி போன்றவற்றைத் தரைத்தளத்தில் வைத்துக்கொள்வதுதான் நியாயம். மொட்டை மாடியும் கடைசி மாடிக்காரரின் கூரைதான் என்பது பலருக்கும் மறந்துபோகிறது. டம்பெல்லைப் போடாமல், குனிந்து வைக்கப் பழகினால் விரிப்பில் செலவழிக்கும் பணம் கொஞ்சம் மிச்சமாகும்.

மழைக்காலத்தில் விரிப்புக்கு அடியில் ஈரம் தேங்கும். வாரம் ஒருமுறை தூக்கித் துடைத்துக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வினைல் ஷீட் ஒட்டிய தரையில் கறுப்பு ரப்பர் போகாத கறையை விட்டுவிடும்; இடையில் ஒரு பழைய துணியாவது வேண்டும். வாங்கும்போது ஆன்லைன் போட்டோவை மட்டும் நம்பாமல், ஜிம் சாமான் விற்கும் கடைக்கே போய், துண்டைத் தரையில் போட்டு ஏறி நின்று பார்ப்பது நல்லது. ஒற்றைக் காலில் பத்து நொடி ஆடாமல் நிற்க முடிந்தால் வாங்கலாம்.