ஆர்வமின்மையா, அக்கறையின்மையா?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம்மவர் நாவில் எளிதாய்ப் புரளும் சொல், 'ஆர்வமில்லை' என்பது. அச்சொல்லை நாம் குறை கூறவில்லை. அதன் மறைவில் ஒளிந்துகொள்வதையே கண்டிக்கிறோம்.

ஆர்வமின்மை மனத்தின் இயல்பு. ஒருவருக்குக் கிரிக்கெட்டில் நாட்டமில்லையெனில் அது குற்றமாகாது. பற்றின்மையோ உயர்ந்த பண்பு. 'ஸுஹ்து' எனச் சூஃபியாக்கள் போற்றியது அதனையே. அக்கறையின்மை இவ்விரண்டும் அன்று. தனக்குரிய கடமையை அறிந்தும் கைநழுவவிடுவது அது. கடமை மறக்கும் 'பொச்சாப்பை' கடிய வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். திருமறையோ 'கஃப்லத்' எனும் அசட்டையைக் குறித்து எச்சரிக்கிறது.

பூந்தமல்லியில் 1653இல், கோல்கொண்டா ஆட்சிக்காலத்தில் எழுந்த பள்ளிவாசலில் பாரசீகக் கல்வெட்டு உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று நம் பிள்ளைகள் வினவினால், விடை கூற நம்மில் எத்தனை பேருக்கு இயலும்? 'வரலாற்றில் ஆர்வமில்லை' என்று நழுவிவிடுகிறோம். இல்லை, அன்பர்களே! நம் வாசலில் நிற்கும் வரலாற்றை அறிய முயலாதிருப்பது ஆர்வமின்மையன்று, அக்கறையின்மையே.

குறையை அதன் பெயர் சொல்லி அழைத்தாலன்றித் திருத்த இயலாது. வரும் ஜும்ஆவுக்கேனும் பிள்ளைகளின் கைப்பற்றி அப்பள்ளிக்குச் செல்வோம். விடை தெரியாவிடினும், கேள்வியையாவது அவர்களிடம் ஒப்படைப்போம்.